எழுபது வளைவுக்கு மேலே ஒரு கடற்படை

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாம் ஒரே உறையில் வந்தவை. அனுப்பியவர்கள் கொல்லிமலை எடப்புளி நாட்டு வாசக நண்பர்கள். வெளியூரில் படிக்கும் ஒருவர், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கில நாவல் ஒன்றை விடுமுறைக்கு வரும்போது எடுத்து வந்தாராம். விண்வெளிக் கடற்படையில் ஒரு பெண் கேப்டனின் கதை. மிளகு காயும் களத்திலும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் திண்ணையிலும் கைமாறிக் கைமாறி அட்டையே போய்விட்டதாம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். போடவில்லை.

கே: விண்வெளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அங்கே எதற்குக் கடற்படை?
(கல்லூரி மாணவி)

விண்கலம் என்று சொல்கிறீர்களே, அதைப் பிரித்துப் பாருங்கள். கலம் என்றால் கப்பல். மரக்கலம் ஏறிக் கடல் தாண்டியவர்களின் மொழி, ராக்கெட் யுகம் வந்ததும் தன் பழைய சொல்லையே எடுத்து நீட்டியது.

போர் விமானி காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடுவார். கப்பல்காரருக்கு அது வாய்க்காது. மாதக்கணக்கில் அதே முகங்கள், அதே சமையல், அதே இரும்புச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சாவு. தண்ணீருக்கு அளவு, மருந்துக்கு அளவு, பொறுமைக்கும் அளவு. நட்சத்திரங்களுக்கு நடுவே போகிறவருக்கும் இதே பாடுதான். அதனால்தான் ஜீன் ராடன்பெரி 1966-இல் 'ஸ்டார் டிரெக்' தொடரைக் கொண்டுவந்தபோது தன் ஆட்களுக்குக் கடற்படைப் பதவிகளைக் கொடுத்தார். அவர் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கே: 'ஸ்பேஸ் ஆபரா' என்கிறார்களே, பாட்டுக் கச்சேரி உண்டா?
(பஜனைக் குழுவில் மிருதங்கம் வாசிப்பவர்)

கிடையாது. 1941-இல் வில்சன் டக்கர் என்ற எழுத்தாளர் திட்டுவதற்காக உண்டாக்கிய பெயர் அது. வானொலியில் சோப்பு விளம்பரத்தோடு வந்த தொடர்களை அமெரிக்காவில் 'சோப் ஆபரா' என்பார்கள். அரைத்த மாவையே அரைத்த ராக்கெட் கதைகளுக்கு அந்த வழியில் ஒரு பெயர் வைத்தார். நல்ல எழுத்தாளர்கள் அந்த வகையில் வந்து சேர்ந்ததும் வசவு பட்டமாகிவிட்டது.

கே: எங்கள் கையில் சிக்கிய நாவலின் நாயகி ஹானர் ஹாரிங்டன். இவருக்கு முன்னோடி யார்?
(புத்தகத்தைக் கொண்டுவந்த குற்றவாளி)

குற்றம் இல்லை, புண்ணியம்.

முன்னோடி, ஹொரேஷியோ ஹார்ன்பிளோவர் என்ற கற்பனைக் கடற்படை அதிகாரி. சி. எஸ். ஃபாரஸ்டர் 1937-இல் எழுதத் தொடங்கிய பாத்திரம். நெப்போலியன் காலத்துப் பாய்மரக் கப்பல், பிரிட்டிஷ் கடற்படை. இவருக்குக் கப்பல் ஏறினால் குமட்டும். இசை காதில் ஏறாது. 'நான் கோழையோ' என்று உள்ளுக்குள் ஓயாமல் தன்னையே விசாரித்துக்கொள்வார். வெளியே பார்த்தால் கல் மாதிரி நிற்பார். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாவல் நடக்கிறது.

டேவிட் வெபர் 1993-இல் ஹானர் வரிசையின் முதல் நாவலான 'ஆன் பசிலிஸ்க் ஸ்டேஷன்' நூலை ஃபாரஸ்டருக்கே காணிக்கையாக்கினார். ஹார்ன்பிளோவர், ஹானர் இருவருக்கும் முதலெழுத்துகள் எச். எச். என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பிந்திய நாவல்களில் ஹானர் ஒரு கண்ணையும் ஒரு கையையும் இழக்கிறார். அது டிரஃபால்கரில் இறந்த அட்மிரல் நெல்சனின் உடம்பில் இருந்த காயக் கணக்கு.

கே: அந்த நாவலில் உங்களுக்கு மிகப் பிடித்த சண்டை எது?
(பிளஸ் டூ மாணவர்)

சண்டையே இல்லாத பக்கங்கள், தம்பி. மேலதிகாரியின் கோபத்துக்கு ஆளான ஹானரை, யாரும் மதிக்காத ஒரு கோடிக்குத் தூக்கி அடிக்கிறார்கள். இருப்பது ஒரே பழைய சிறு போர்க்கப்பல். அங்கே அவர் முதலில் என்ன செய்கிறார்? வருகிற போகிற சரக்குக் கப்பல்களில் கஸ்டம்ஸ் சோதனை! சட்டப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே செய்கிறார். இத்தனை நாள் யாரும் செய்யாததால் அதுவே ஊரைக் கலக்குகிறது. கடத்தல்காரன் மாட்டுகிறான், அவன் வழியாக ஒரு படையெடுப்புத் திட்டமே வெளிச்சத்துக்கு வருகிறது. தண்டனையாகக் கொடுத்த இடத்தில் வேலையை ஒழுங்காகப் பார்த்த ஓர் அதிகாரியின் கதை அது. அந்தத் துணிச்சலுக்கு முன்னால் கடைசிப் பீரங்கிச் சண்டை எனக்கு இரண்டாம் பட்சம்தான்.

கே: ஏவுகணை காலத்தில் போய், பாய்மரக் கப்பல் மாதிரி பக்கவாட்டில் நின்று சுடுகிறார்களே. இது நம்பும்படியாகவா இருக்கிறது?
(டூ வீலர் மெக்கானிக்)

மெக்கானிக் கேட்க வேண்டிய கேள்விதான். வெபர் செய்த வேலை இது. பழைய கப்பல்களுக்கு விலாவில்தான் பீரங்கி வரிசை. அந்தச் சண்டை அவருக்கு வேண்டும். ஆனால் விண்வெளியில் அதற்குக் காரணம் வேண்டும். ஆகவே ஓர் எஞ்சினைக் கற்பனை செய்தார். அது கப்பலுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஈர்ப்புவிசைத் தகடுகளை விரிக்கும். தலைக்கு மேல் ஒரு முறம், காலடியில் ஒரு முறம் பிடித்த மாதிரி. அவற்றை எந்த ஆயுதமும் துளைக்காது. பக்கவாட்டில் கவசம் உண்டு, அது கொஞ்சம் பலவீனம். முன்னும் பின்னும் திறந்தே கிடக்கும். எதிரியின் முகத்துக்குக் குறுக்கே முதலில் போகிறவருக்கு வெற்றி. நெல்சன் காலத்துக் கப்பல்காரருக்கும் தெரிந்த பாடம் அது. ஒளியை மிஞ்சி நெடுந்தூரம் போக வேண்டுமா? ஈர்ப்பலைகளைப் பிடிக்க நிஜமாகவே பாய் விரிக்கிறார்கள்.

நடக்குமா என்றால் நடக்காது. ஆனால் ஒருமுறை போட்ட விதியை ஆசிரியர் தன் வசதிக்காக மீறுவதில்லை. அறிவியல் புனைவில் நான் எதிர்பார்க்கும் முதல் நேர்மை அது.

கே: பிந்திய நாவல்களில் வரும் வில்லன் நாட்டுத் தலைவன் பெயர் ராப் எஸ். பியர். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே?
(வரலாறு படிப்பவர்)

சேர்த்துச் சொல்லுங்கள். ரோபஸ்பியர். பிரெஞ்சுப் புரட்சிக்காரர். நல்ல காது உங்களுக்கு.

கே: கடற்படை அனுபவம் உள்ள யாராவது இப்படிக் கதை எழுதியிருக்கிறார்களா?
(மலையிறங்கிக் காய்கறி விற்கப் போகிறவர்)

இருக்கிறார்கள். ராபர்ட் ஹைன்லைன் 1929-இல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் தேறியவர். காசநோய் வந்து 1934-இல் வெளியேறினார், பிறகு எழுத்தாளரானார்.

உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஜாக் கேம்பல். ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி ஜான் ஹெம்ரியின் புனைபெயர் அது. 2006-இல் 'டான்ட்லெஸ்' என்ற நாவலோடு ஒரு வரிசையைத் தொடங்கினார். எதிரி நாட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு படையை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கிரேக்கரான செனோஃபன் எழுதிய பழைய பின்வாங்கல் கதைதான் மூலம். இதில் என்ன புதுமை என்றால், தூரத்தை நிஜமான தூரமாகவே நடத்துகிறார். சூரிய ஒளி நமக்கு வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது அல்லவா? அதுபோல எதிரிப் படை பல ஒளிமணி தள்ளி நின்றால், நீங்கள் பார்ப்பது சில மணி நேரத்துக்கு முந்திய படை. இப்போது அது எங்கே இருக்கிறதோ! நீங்கள் திரும்பினால் அதுவும் எதிரிக்குத் தாமதமாகத்தான் தெரியும்.

ராத்திரி உங்கள் மலை விளிம்பில் நின்று கீழே காரவள்ளிப் பக்கம் ஒரு பஸ்ஸின் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். தெரியும், மறையும், வேறொரு வளைவில் தெரியும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி அது வந்து சேரும் வரை, நடுவில் என்ன நடந்தது என்பது உங்கள் கணக்கு மட்டும்தான். கேம்பலின் கேப்டன் அந்தக் கணக்கை நூற்றுக்கணக்கான கப்பல்களை வைத்துப் போடுகிறார்.

கே: தமிழில் இதற்கு ஈடு உண்டா?
(சாண்டில்யன் ரசிகர், வயது 61)

பாதி உங்களிடம் இருக்கிறது. 'கடல் புறா'வின் கருணாகரத் தொண்டைமான் கப்பலில் நிற்கிற நிலை, காற்றைப் பார்த்துப் பாயை மாற்றுகிற யோசனை, குறைந்த கப்பல்களை வைத்து நிறைய கப்பல்களை ஏமாற்றுகிற தந்திரம், எல்லாம் இந்த வகையின் ரத்தமும் சதையும்தான். 'ஜலதீப'த்தில் சாண்டில்யன் கானோஜி ஆங்கரேயின் மராட்டியக் கடற்படையையே கொண்டுவந்தார். மறுபாதி சுஜாதாவிடம். 'என் இனிய இயந்திரா' நாளைய ஆட்சியையும் இயந்திரத்தையும் நம் வரவேற்பறையில் கொண்டுவந்து உட்காரவைத்தது. இரண்டு பேரின் வாசகர்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அப்பா குமுதத்தைப் பிடுங்குவார், பிள்ளை விகடனைப் பிடுங்கும். அந்த இரண்டு அலமாரிகளுக்கும் கல்யாணம் நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கடாரத்துக்கு 1025-இல் கப்பல் அனுப்பிய நிலம் இது. ஆயிரம் ஆண்டு கடந்துவிட்டது, கதைச் சரக்குக்கா பஞ்சம்?

கே: யாராவது கெட்டிக்காரத்தனம் பண்ணினால் என் பாட்டி 'சரியான எம்டன்' என்பார். அதற்கும் கப்பலுக்கும் சம்பந்தமா?
(ஆசிரியப் பயிற்சி மாணவி)

முழுச் சம்பந்தம். எம்டன் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். தலைவர் கார்ல் ஃபோன் முல்லர். பெரிய படையில் இருந்து பிரிந்து, தன்னந்தனியாக இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தார். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுட்டார். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஊரே மூட்டை கட்டியது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அவரை முடக்கியது.

உதவிக்கு வேறு போர்க்கப்பல் இல்லை, கரிக்குப் பெரும்பாலும் பிடித்த கப்பல்களைத்தான் நம்ப வேண்டும். அப்படி இருந்தும், பிடித்த வணிகக் கப்பல்களின் ஆட்களை உயிரோடு இறக்கிவிட்டுத்தான் கப்பல்களை மூழ்கடித்தார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே மரியாதையோடு எழுதின. விண்வெளி நாவல்காரர்கள் கற்பனை செய்கிற தனிக் கேப்டன், உங்கள் பாட்டியின் வாயில் ஒரு சொல்லாக இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

கே: இந்தக் கதைகள் எல்லாம் போரை அழகாகக் காட்டுகின்றன. படிப்பதே தப்பு என்கிறேன். உங்கள் பதில்?
(ஓய்வு பெற்ற ஆசிரியர்)

அய்யா, உங்கள் கோபத்தில் பாதி நியாயம். அழகாகக் காட்டுகிற புத்தகங்கள் மூட்டை மூட்டையாக உண்டு. ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' 1959-இல் வந்தது, அதன் ராணுவப் பெருமிதம் எனக்கும் ஒவ்வாது. ஆனால் வியட்நாமில் காயம்பட்டுத் திரும்பிய ஜோ ஹால்ட்மன் 1974-இல் 'த ஃபாரெவர் வார்' எழுதினார். அதில் சிப்பாய் ஒவ்வொரு முறை சண்டை முடிந்து திரும்பும்போதும் ஊரில் பல பத்தாண்டுகள் ஓடியிருக்கும். ஊர் மாறியிருக்கும், மொழி மாறியிருக்கும், அவனுக்கு இடமே இருக்காது. போர் முடிந்து வீடு திரும்ப முடியாதவர்களின் துயரம் ஈழத்தைப் பார்த்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்று. செத்தவர்களுக்குப் பெயர் இருக்கிறதா? முதல் நாவலின் முடிவில் ஹானரின் கப்பலில் பாதிக்கு மேல் பிணமும் காயமுமாகக் கிடக்கும், அந்த முகங்களை அவர் மறப்பதில்லை. கேம்பலின் கதையில் நாயகர் நூறு ஆண்டு உறக்கத்தில் இருந்து எழுகிறார். அதற்குள் தன் படை கைதிகளைக் கொல்லப் பழகிவிட்டதைப் பார்த்து உடைந்துபோகிறார். அதைத் தடுக்கிறார். அவரைக் கோழை என்கிறார்கள். அப்படிப்பட்ட புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் தைரியமாகக் கொடுக்கலாம் என்பது என் தீர்ப்பு.

கே: எனக்குக் கால் ஊன்ற முடியாது. கடற்படை என்றாலே உடல் தகுதி. இந்தக் கதைகளில் என்னைப் போல யாரும் இருக்க மாட்டார்கள், இல்லையா?
(தையல் கலைஞர், மாற்றுத்திறனாளி)

இருக்கிறார், அதுவும் எல்லோரையும்விடக் கூர்மையான புத்தியோடு. மைல்ஸ் வோர்கோசிகன். லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்டு படைத்தவர். தாய் வயிற்றில் இருக்கும்போதே விஷவாயு பாதித்து, தட்டினால் உடைகிற எலும்போடு பிறந்தவர். ஊனத்தைக் கண்டால் முகம் சுளிக்கிற சமூகத்தில் வளர்கிறார். 1986-இல் வந்த 'த வாரியர்ஸ் அப்ரன்டிஸ்' நாவலின் தொடக்கத்திலேயே ராணுவக் கல்லூரித் தேர்வில் சுவரில் இருந்து குதித்து இரண்டு காலையும் உடைத்துக்கொள்கிறார். கதவு சாத்தியாயிற்று. பிறகு வெறும் வாய்ப்பேச்சில், இல்லாத ஒரு கூலிப்படைக்குத் தளபதி என்று சொல்லிக்கொண்டு, அந்தப் படையை நிஜமாகவே உண்டாக்கிவிடுகிறார்! இந்த வரிசையின் மூன்று நாவல்களுக்கு ஹியூகோ விருது. நீங்கள் முதலில் படிக்க வேண்டியது ஹானரை அல்ல, மைல்ஸை.

கே: ஹானர் தோளில் ஆறு கால் பூனை உட்கார்ந்திருக்கிறதே?
(ஆறாம் வகுப்பு)

அது நிமிட்ஸ். அமெரிக்க அட்மிரல் ஒருவரின் பெயர். மனிதர் மனதில் இருக்கும் உணர்ச்சி அதற்குத் தெரியும். சுஜாதாவின் இயந்திர நாய் ஜீனோவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள், கண்ணு.

கே: கற்பனை போதும். நிஜத்தில் கடற்படைக்கும் விண்வெளிக்கும் எங்கே சந்திப்பு?
(அஞ்சல் ஊழியர்)

இந்தியா மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரும் விமானப்படையினர். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். ஆனால் திரும்பி வரும் கலம் கடலில்தான் இறங்கும், அதை எடுப்பது கடற்படை. 2023 அக்டோபர் 21 சோதனையில் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அப்பால் வங்கக் கடலில் இறங்கிய கலத்தை மீட்டதும் அவர்கள்தான்.

இதைவிடப் பெரிய சந்திப்பு ஒன்று உண்டு, நிதானமாகக் கேளுங்கள். தென் பசிபிக்கில் 'பாயின்ட் நீமோ' என்று ஒரு புள்ளி. எந்தக் கரைக்கும் அதிலிருந்து ஏறத்தாழ 2,688 கிலோமீட்டர். உலகக் கடலில் இதைவிடத் தனிமையான இடம் இல்லை. யாருக்கும் ஆபத்து வராது என்பதால் ஆயுள் முடிந்த விண்கலங்களை அந்தப் பக்கக் கடலில்தான் விழவைக்கிறார்கள். 2001-இல் ரஷ்யாவின் மிர் நிலையம் அப்படித் தென் பசிபிக்கில் விழுந்தது. சர்வதேச விண்வெளி நிலையம் பறப்பதோ சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். அது தலைக்கு மேல் கடக்கும்போது, பாயின்ட் நீமோவில் நிற்கிறவருக்கு மிக அருகில் இருக்கும் அயல் மனிதர்கள் விண்வெளி வீரர்கள்தான்!

இந்தியக் கடற்படையின் 'தாரிணி' ஒரு சிறிய பாய்மரப் படகு, நீளம் 56 அடி. அதில் லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி என்று இரண்டே பெண் அதிகாரிகள். ரூபா நம் புதுச்சேரிக்காரர். 2024 அக்டோபர் 2 கோவாவில் கிளம்பி, உலகைச் சுற்றி, 2025 மே 29 திரும்பி வந்தார்கள். வழியில் 2025 ஜனவரி 30 அன்று பாயின்ட் நீமோவைக் கடந்தார்கள், அந்தக் கடல்நீரை ஆராய்ச்சிக்கு எடுத்தும் வந்தார்கள். அந்த நாளில் விண்வெளி நிலையத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? சுனிதா வில்லியம்ஸ். அமெரிக்கக் கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர், குஜராத்தைச் சேர்ந்த தந்தையின் மகள். அதே ஜனவரி 30-இல் அவர் நிலையத்துக்கு வெளியே வந்து விண்நடை நடந்தார். எட்டு நாளில் திரும்புவதாகப் போய் ஒன்பது மாதம் தங்க நேர்ந்தவர் அவர்.

இன்னும் ஒன்று. அந்தப் புள்ளிக்குப் பெயர் தந்தவர் ஜூல் வெர்னின் கேப்டன் நீமோ. 1875-இல் வெளிவந்த 'மர்மத் தீவு' நாவலில் வெர்ன் அவருடைய பூர்வீகத்தைச் சொன்னார். பெயர் தக்கார், ஊர் புந்தேல்கண்ட், 1857-இல் ஆங்கிலேயரை எதிர்த்த இந்திய இளவரசர். நூற்றைம்பது ஆண்டு கழித்து இரண்டு இந்தியப் பெண்கள் அவர் வீட்டு வாசலைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். எந்த நாவல்காரராவது இதை எழுதியிருந்தால், தற்செயல் கொஞ்சம் அதிகம் என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கே: எங்கள் மலையில் கப்பல் இல்லை, கடல் இல்லை. இங்கே என்ன விண்வெளிக் கதை?
(சாமை, தினை பயிரிடும் விவசாயி)

கொல்லிப்பாவையை மறந்துவிட்டீர்களே! காற்று அடித்தாலும் மழை அறைந்தாலும் நிலம் நடுங்கினாலும் அழகு குலையாத தெய்வப் பாவை உங்கள் மலையில் இருப்பதாகச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். பகைவரைப் பார்த்துச் சிரித்தே மயக்கிக் கொல்லும் என்றும் மரபு சொல்கிறது. வெளியாரை அடையாளம் கண்டு செயல்படுகிற காவல் உருவம். இன்றைய அறிவியல் புனைகதைக்காரர் கையில் கொடுத்தால் அதற்கு என்ன பெயர் வைப்பார்? ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தியதாகப் பாடப்பட்ட வல்வில் ஓரியும் உங்கள் ஆள்தான். செம்மேட்டில் சிலையாக நிற்கிறார்.

கே: கடலையே நேரில் பார்த்ததில்லை. ஒரு விண்வெளிக் கடற்படைக் கதை எழுத ஆசை. எழுதலாமா?
(பிளஸ் டூ மாணவர், மேலே சண்டை பற்றிக் கேட்டவர்தான்)

வெபர் விண்வெளிக்குப் போய்விட்டு வந்தா எழுதினார்? நீ எழுது, தம்பி. கப்பல் வாழ்க்கையில் உனக்குத் தெரியாதது கடல் மட்டும்தான். மற்றதெல்லாம் தெரியும். மழை பிடித்து மலைப்பாதை அடைபட்டால் மருந்து வரும் வரை எப்படிக் காத்திருப்பது, இருக்கிற அரிசியை எத்தனை வீட்டுக்குப் பங்கிடுவது, மூடுபனியில் பிரசவ வலி வந்த பெண்ணைக் கீழே இறக்கலாமா வேண்டாமா என்று யார் முடிவெடுப்பது. அந்த முடிவை எடுக்கிறவர்தான் உன் கேப்டன். அவருக்கு எடப்புளிப் பேச்சு வரட்டும், கப்பலில் தினைச் சோறு வேகட்டும். கலத்துக்கு ஓரி என்று பெயர் வைத்தாலும் சரி, பாவை என்று வைத்தாலும் சரி. ஹானரின் முதல் நாவலை அதன் பதிப்பகமான பேன் தன் இலவச மின்னூலகத்தில் வைத்தது. முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்து, எங்கே சிக்கலைத் தொடங்குகிறார் என்று மட்டும் பார்.

பிறகு உன் முதல் அத்தியாயத்தை எழுதி, பத்துப் பக்கத்துக்குள், இதே முகவரிக்கு அனுப்பு. நானே படித்துப் பதில் எழுதுகிறேன்.